சின்னப் பல் உடைந்தால் பெரிய மீன் தப்பும்

தூண்டில் ரீலுக்குள் சுழலும் பற்சக்கரங்களின் அறிவியல்

பள்ளி விடுமுறையில் அப்பாவுடனோ மாமாவுடனோ ஏரிக்கரைக்குத் தூண்டில் போடப் போயிருக்கிறீர்களா? தோமான், செபாராவ் போன்ற மீன்களைத் தேடிப் போகிறவர்களின் கையைக் கவனித்துப் பாருங்கள். தூண்டில் கோலின் மேற்புறத்தில், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு கருவி இருக்கும். அதுதான் பெய்ட்காஸ்டிங் ரீல். மீன்பிடிப்பவர்கள் சுருக்கமாக ‘பிசி’ என்பார்கள்.

தொடக்கப்பள்ளியில் எளிய எந்திரங்களைப் படித்தது நினைவிருக்கிறதா? நெம்புகோல், சக்கரமும் அச்சும், பற்சக்கரம், திருகாணி, சாய்தளம். இவை எல்லாமே இந்தச் சின்னக் கருவிக்குள் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று பழுதானால் என்ன ஆகும், அதை நாமே சரிசெய்ய முடியுமா என்பதை இன்று பார்ப்போம்.

மாமாவின் ரீல்

என் மாமாவிடம் ஒரு ரீல் இருந்தது. பல ஆண்டுகள் உழைத்த ரீல். ஒருநாள் நூலைச் சுற்றும்போது அது முழுவதும் ஒரே பக்கத்தில் குவியத் தொடங்கியது. வழக்கமாக இடமும் வலமுமாக நகர்ந்து நூலைச் சீராகப் பரப்பும் சின்ன வளையம் அசையாமல் நின்றுவிட்டது. கைப்பிடி சுழன்றது, நூலுருளையும் சுழன்றது, வளையம் மட்டும் நகரவில்லை.

கடைக்குக் கொண்டு போனோம். “இதைப் பார்த்துப் பயனில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார் கடைக்காரர். மாமாவுக்கு மனம் வரவில்லை. வீட்டில் திறந்து பார்த்தோம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் இரண்டு பற்கள் உடைந்திருந்தன. அதன் விலை சில ரிங்கிட்தான். வரவழைத்து மாற்றினோம். ரீல் மீண்டும் ஓடியது.

கதை இங்கே முடியவில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை மீன்பிடிக்கப் போனோம். இரண்டாவது முறையே புதிய சக்கரத்தின் பல்லும் உடைந்தது! ஏன்? விடை தெரிய வேண்டுமானால் முதலில் ரீலின் உள்ளே போக வேண்டும்.

ஒரு சுற்றுக்கு ஆறரைச் சுற்று

கைப்பிடியைச் சுழற்றினால் அதன் தண்டில் உள்ள பிரதான பற்சக்கரம் சுழலும். அது பக்கத்தில் உள்ள சிறிய பற்சக்கரத்தைத் தள்ளும். இந்தச் சிறிய சக்கரத்தின் பெயர் பினியன். பினியன் நூலுருளையைச் சுழற்றும், நூல் சுற்றப்படும்.

பிரதான சக்கரத்தில் 77 பற்களும் பினியனில் 12 பற்களும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். 77 ÷ 12 = 6.42. அதாவது, கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நூலுருளை ஏறத்தாழ ஆறரைச் சுற்று சுற்றும். ரீலின் பெட்டியில் 6.4:1 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். கடைகளில் 5.4:1 முதல் 8:1 வரை பல விகிதங்களில் ரீல்கள் கிடைக்கும்.

நூல் சுற்றிய நூலுருளையின் விட்டம் 34 மி.மீ. என்றால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 107 மி.மீ. அதை 6.42ஆல் பெருக்கினால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 68 செ.மீ. நூல் உள்ளே வரும்.

வேகம் கூடுகிறது, சரி. அதற்கு நாம் எதை விலையாகக் கொடுக்கிறோம்? விசையை! கைப்பிடியின் கரம் 45 மி.மீ. நீளம் என்போம். நீங்கள் 10 நியூட்டன் விசையுடன் சுழற்றினால், உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், நூலை இழுக்கும் விசை 4 நியூட்டனை ஒட்டித்தான் இருக்கும். வேகமும் விசையும் ஒன்றாகக் கூடுவதில்லை. மிதிவண்டியில் வேகத்துக்குரிய கியரைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஒரு பல்லின் ஒருநாள் உழைப்பு

இன்னொரு கணக்கு. 30 மீட்டர் தூரம் வீசிய நூலை முழுவதும் சுற்றி எடுக்க, கைப்பிடியை ஏறத்தாழ 44 முறை சுழற்ற வேண்டும். ஒரு நாளில் 100 முறை வீசினால் 4,400 சுற்றுகள். பிரதான சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அன்று 4,400 முறை மோதும். ஆனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் 28,000 முறைக்கு மேல் மோதும்! சிறிய சக்கரத்தின் பல்லுக்கு ஆறு மடங்குக்கும் அதிக வேலை. அதனால்தான் பினியன் பெரும்பாலும் பித்தளையில் செய்யப்படுகிறது. பிரதான சக்கரம் பித்தளையிலும் வரும், எடை குறைவான அலுமினியக் கலவையிலும் வரும். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம் எடை. அதே அளவு அலுமினியம் 2.7 கிராம்தான். எடையைக் குறைக்க விரும்புபவர் அலுமினியத்தையும், நீண்ட உழைப்பை விரும்புபவர் பித்தளையையும் தேர்ந்தெடுப்பார்.

பற்களின் எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. 72 பற்களும் 12 பற்களும் இணைந்தால், பினியனின் ஒரு பல் எப்போதும் பெரிய சக்கரத்தின் அதே ஆறு பற்களை மட்டுமே சந்திக்கும். அந்த ஆறில் ஒன்று பழுதானால், பினியனின் அதே பல்தான் திரும்பத் திரும்ப அடிபடும். 77, 12 ஆகிய எண்களுக்கு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை. ஆகவே ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். அதே இரண்டு பற்கள் மறுபடி சந்திக்கக் கைப்பிடி 12 சுற்றுகள் சுற்ற வேண்டும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. கணித வகுப்பில் படித்த பொதுக் காரணி எதற்குப் பயன்படும் என்று இனிக் கேட்க மாட்டீர்கள்தானே?

கடிகாரக்காரர்கள் தந்த கருவி

இவ்வளவு நுட்பமான பற்களை முதலில் வெட்டியவர்கள் யார்? கடிகாரம் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர், கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நூலுருளை பல சுற்று சுற்றும் ரீல்களைச் செய்தார். நூலைச் சீராகப் பரப்பும் அமைப்புக்கு 1890களில் காப்புரிமை பெற்றவர் கலாமசூ நகரைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர். ஆம், நாடக ஆசிரியரின் அதே பெயர், ஆள் வேறு! சுவீடனின் ‘அபு’ நிறுவனமும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். அதன் புகழ்பெற்ற ‘அம்பாசடர் 5000’ ரீல் 1952இல் வெளிவந்தது.

நூலைப் பரப்பும் திருகாணி

இப்போது மாமாவின் ரீலுக்குத் திரும்புவோம். நூலுருளைக்கு முன்னால் ஒரு திருகாணித் தண்டு படுத்திருக்கும். சாதாரணத் திருகாணியில் ஒரே திசையில் சுற்றும் பள்ளம் இருக்கும். இதில் இரண்டு பள்ளங்கள் எதிர் எதிர்த் திசைகளில் சுற்றி, ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். இரு முனைகளிலும் அவை வளைந்து ஒன்றோடொன்று சேரும்.

நூல் செல்லும் வளையத்துக்கு நூல் வழிகாட்டி என்று பெயர். அதன் அடியில் பிறை வடிவ முனையுடன் ஒரு சின்ன உலோக நாக்கு உண்டு. அது பள்ளத்துக்குள் அமர்ந்திருக்கும். தண்டு சுழலும்போது நாக்கு பள்ளத்தின் வழியே நகரும். முனைக்குப் போனதும் சற்றே திரும்பி, எதிர்ப் பள்ளத்தில் ஏறி வந்த வழியே திரும்பும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. தண்டு ஒரே திசையில்தான் சுழல்கிறது. வழிகாட்டியோ போய்ப்போய் வருகிறது.

தண்டைச் சுழற்றுவது யார்? இன்றைய பெரும்பாலான ரீல்களில், கைப்பிடித் தண்டிலேயே பிரதான சக்கரத்துக்கு அடியில் இன்னொரு சிறிய சக்கரம் இருக்கும். அது திருகாணித் தண்டின் முனையில் உள்ள பிளாஸ்டிக் சக்கரத்தைச் சுழற்றும். மாமாவின் ரீலில் பல் உடைந்தது அந்தச் சக்கரத்தில்தான்.

பிளாஸ்டிக்கில் ஏன் செய்தார்கள்?

“மற்றவை எல்லாம் உலோகம், இது மட்டும் பிளாஸ்டிக்கா? நிறுவனம் ஏமாற்றிவிட்டது!” என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மீனை இழுக்கும் பெரிய விசை இந்தச் சக்கரத்தின் வழியாகப் போவதில்லை. அது பிரதான சக்கரத்தின் வழியாகவும் பினியன் வழியாகவும் போகிறது. நூல் வழிகாட்டியை நகர்த்தச் சிறு விசை போதும். நைலான் போன்ற பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, சத்தம் போடாது, குறைந்த உயவிலும் வழுக்கி ஓடும், எடையும் விலையும் குறைவு.

இன்னொரு பயனும் உண்டு. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் என்ன செய்கிறது? மின்னோட்டம் அளவை மீறினால் தான் உருகி மற்றவற்றைக் காக்கிறது. அதுபோல, திருகாணித் தண்டு எங்கேனும் சிக்கிக்கொண்டால் பிளாஸ்டிக் பல் முதலில் உடையும். விலை உயர்ந்த தண்டும் உலோகச் சக்கரமும் தப்பும். ஃபியூஸ் போனால் புதிய ஃபியூஸ் போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? அது ஏன் போனது என்று பார்க்க வேண்டும். நாங்கள் செய்யத் தவறியது அதுதான்.

இரண்டாவது முறை திறந்தபோது திருகாணித் தண்டின் ஒரு முனையைக் கைவிளக்கால் பார்த்தோம். காய்ந்த மணலும் பழைய நூலின் ஒரு துணுக்கும் பள்ளத்தின் வளைவில் கெட்டியாக அடைத்திருந்தன. நாக்கு அங்கே போய் முட்டிக்கொண்டது. கை தொடர்ந்து சுழற்றியது. இடையில் மாட்டியது பிளாஸ்டிக் பல். உடைந்தது சக்கரம், குற்றவாளி மணல்!

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது

ரீலைத் திறப்பதற்கு முன்பே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கைப்பிடியைச் சுழற்றும்போது கரகரப்பு கையில் தெரிகிறதா? பிரதான சக்கரத்திலோ பினியனிலோ அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம்.

பெரிய மீன் இழுக்கும்போது ‘டக் டக்’ என்று பல் தாவுவது போலிருக்கிறதா? பினியனின் பற்கள் தேய்ந்திருக்கலாம்.

நூலுருளை சுழல்கிறது, வழிகாட்டி நகரவில்லையா? வழிகாட்டியின் பின்னால் தெரியும் திருகாணித் தண்டைப் பாருங்கள். தண்டு சுழல்கிறது, வழிகாட்டி நிற்கிறது என்றால் நாக்கு தேய்ந்திருக்கலாம். தண்டே சுழலவில்லை என்றால் சந்தேகம் பிளாஸ்டிக் சக்கரத்தின் மேல்.

மாற்றும் முறை

ரீலின் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. மேசைமேல் வெள்ளைத் துணி விரியுங்கள். பக்கத்தில் ஒரு முட்டைத் தட்டு வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு குழியில் போடுங்கள். ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுங்கள்.

2. நூலுருளையை முதலில் வெளியே எடுங்கள். பிறகு கைப்பிடியைக் கழற்றுங்கள். பல ரீல்களில் இதற்கு 10 மி.மீ. ஸ்பேனர் தேவைப்படும். அடுத்து நட்சத்திர வடிவத் திருகு. அதன் அடியில் வளைந்த வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கம் வளைந்திருந்தன என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டால் டிராக் சரியாக வேலை செய்யாது.

3. பக்க மூடியின் திருகுகள் ஒரே நீளத்தில் இருக்க மாட்டா. எந்தத் துளையில் எது இருந்தது என்று ஒரு தாளில் மூடியின் படம் வரைந்து, அதிலேயே குத்தி வையுங்கள்.

4. மூடியைத் தூக்குவதற்கு முன் ரீலைத் தெளிவான பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள். கைகளையும் பைக்குள் விட்டு மெல்லத் தூக்குங்கள். பினியனைத் தாங்கும் கவையின் மேல் இரண்டு சின்னஞ்சிறு சுருள்வில்கள் இருக்கும். அவை துள்ளிப் பறக்கும். முதல் முறை நான் கட்டிலில் உட்கார்ந்து திறந்தேன். பறந்த சுருள்வில்லைத் தேடுவதிலேயே ஒரு மாலைப்பொழுது போனது.

5. பினியனையும் கவையையும் ஒன்றாக எடுங்கள். பிரதான சக்கரத்தை அதனுள் உள்ள டிராக் வாஷர்களோடு எடுங்கள். இப்போது பிளாஸ்டிக் சக்கரம் தெரியும். பல ரீல்களில் பிறை வடிவச் சின்ன உலோகக் கவ்வி அதைப் பிடித்திருக்கும். கவ்வியை விரலால் மூடிக்கொண்டு நெம்புங்கள்.

6. புதிய சக்கரத்தைப் போடுவதற்கு முன் திருகாணித் தண்டைப் பழைய பல்துலக்கியாலும் பஞ்சுக் குச்சியாலும் சுத்தம் செய்யுங்கள். பிறகு தண்டை விரலால் சுழற்றுங்கள். வழிகாட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், தடையில்லாமல் திரும்ப வேண்டும். எங்கேனும் தயங்கினால் அங்கே இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது நாக்கு தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையில் தேறாமல் புதிய சக்கரத்தைப் பூட்டாதீர்கள்.

7. கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில் பூட்டுங்கள். திருகுகளை முதலில் எல்லாவற்றையும் பாதி அளவு முடுக்கி, பிறகு முழுவதும் முடுக்குங்கள். ஒரு பாகம் மிச்சமிருந்தால் மறுபடி திறக்க வேண்டியதுதான்!

சரியான பாகத்தைக் கேட்டு வாங்க, ரீலின் அடிப்பாகத்தில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வந்த விளக்கப்படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண் இருக்கும். பினியனையோ பிரதான சக்கரத்தையோ மாற்ற நேர்ந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. தேய்ந்த பல்லோடு புதிய பல்லைச் சேர்த்தால் புதியதும் விரைவில் தேயும். வேறு விகிதத்துக்குரிய சக்கரம் ஒன்றை மட்டும் போடவும் முடியாது. இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரம் மாறாதது. பெரிய சக்கரம் இன்னும் பெரிதானால், சிறியது அதற்கேற்பச் சிறிதாக வேண்டும்.

கிரீஸா, எண்ணெயா?

இந்தக் கேள்விக்கான விடை பாகுநிலையில் இருக்கிறது. ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு தடை காட்டுகிறது என்பதே அதன் பாகுநிலை. தண்ணீரைவிடத் தேனுக்குப் பாகுநிலை அதிகம்.

பிரதான சக்கரத்தின் பற்கள் ஒன்றையொன்று பலமாக அழுத்துகின்றன. மெல்லிய எண்ணெய் இருந்தால் அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசும். அங்கே கெட்டியான கிரீஸ் தேவை. நூலுருளையின் தாங்கிகளில் அழுத்தம் குறைவு, வேகம் மிக அதிகம். அங்கே கிரீஸ் போட்டால் தூண்டில் தூரம் போகாது. ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். திருகாணித் தண்டுக்கும் மெல்லிய எண்ணெயே நல்லது. கிரீஸைப் பூசினால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் உருளைத் தாங்கிக்குள் கிரீஸ் போனால் உருளைகள் பிடிமானம் இழந்து வழுக்கும். அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு.

பற்களில் கிரீஸ் பூசும்போது, பல்லின் வடிவம் வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு போதும். பாகங்களைக் கழுவப் பாத்திரம் கழுவும் சவர்க்கார நீர் போதுமானது. டிராக் வாஷர்களை அதில் போடாதீர்கள். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். அவை தீப்பற்றும், சில பிளாஸ்டிக்குகளையும் கெடுக்கும்.

கடலில் பயன்படுத்திய ரீலுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். எலுமிச்சம்பழத்தில் இரண்டு வேறு உலோகங்களைக் குத்தி மின்சாரம் எடுக்கும் சோதனையைச் செய்திருப்பீர்கள். பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அதே வினைதான் நடக்கும், அலுமினியம் அரிக்கப்படும். வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, குழாய் நீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளே தள்ளப்படும். துடைத்துக் காயவைத்த பின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

செய்து பாருங்கள்

ரீலின் நூலுருளை விளிம்பில் ஒரு சிறு ஒட்டுத்தாளால் அடையாளம் வையுங்கள். கைப்பிடியை மெதுவாகச் சரியாக 10 சுற்றுகள் சுழற்றுங்கள். நூலுருளை எத்தனை முறை சுற்றியது என்று நண்பர் எண்ணட்டும். அந்த எண்ணை 10ஆல் வகுத்தால் கிடைப்பது உங்கள் ரீலின் பற்சக்கர விகிதம். பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரீல் இல்லையா? மிதிவண்டியின் மிதியையும் பின்சக்கரத்தையும் வைத்து இதே சோதனையைச் செய்யலாம்.

மாமாவின் ரீலுக்கு மூன்றாவது பிளாஸ்டிக் சக்கரம் போட்டோம். இம்முறை தண்டைச் சுத்தம் செய்த பிறகு. அது இன்றும் ஓடுகிறது. உடைந்த இரண்டு சக்கரங்களையும் மாமா தூண்டில் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். ஏரிக்குப் புறப்படும்போது பெட்டியைத் திறந்தால் அவை கண்ணில் படும். உடனே பழைய பல்துலக்கியைக் கையில் எடுத்துவிடுவார்.